கேமராவுக்கு முந்தின பன்னிரண்டு வருஷம்: சத்யஜித் ரே பார்க்கக் கற்றுக்கொண்ட கதை

இது போன வார எபிசோட்டோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த தடுமாற்றங்களையும், நடுவுல குக்கர் விசில் அடிச்ச இடத்தையும் மட்டும் வெட்டியிருக்கேன். மத்தபடி பேசினது பேசினபடிதான்.

இந்த எபிசோட் ஒரு மெயில்ல இருந்து ஆரம்பிச்சது. இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற ஒரு தம்பி எழுதியிருந்தார். "அண்ணா, ஷார்ட் ஃபிலிம் எடுக்கணும். அறுபதாயிரம் சேர்த்து வெச்சிருக்கேன். எந்த கேமரா வாங்கலாம்?" கேள்வி அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வலிக்கவும் செஞ்சது. ஏன்னா இதே கேள்வியை நான் மூணு வருஷமா எனக்குள்ளேயே கேட்டுட்டு இருந்தேன். அதனால என்ன ஆச்சுங்கறதைப் பின்னாடி சொல்றேன்.

முதல்ல அந்தத் தம்பிக்கு ஒரு கதை. ஆபீஸ் வேலையில இருந்துக்கிட்டே, லீவு நாள்ல படம் எடுத்த ஒருத்தரோட கதை. அவர் பேர் சத்யஜித் ரே. "பதேர் பாஞ்சாலி பத்தி எல்லாரும் பேசியாச்சே"ன்னு நினைப்பீங்க. நான் பேசப்போறது பெரும்பாலும் அந்தப் படத்துக்கு முன்னாடி நடந்ததைப் பத்தி. 1940ல இருந்து 1952 வரைக்கும் பன்னிரண்டு வருஷம், அவர் கையில சினிமா கேமரா கிடையாது. என் கணக்குல அந்தப் படம் உருவானது அந்த வருஷங்கள்லதான்.

புள்ளி வைக்கிற குடும்பம்

ரே பிறந்தது 1921 மே 2, கல்கத்தாவுல. தாத்தா உபேந்திரகிஷோர் குழந்தைகளுக்குக் கதை எழுதினவர், படம் வரைஞ்சவர், அச்சகம் நடத்தினவர். போட்டோவைப் புத்தகத்துல அச்சடிக்கணும்னா அதைச் சின்னச் சின்னப் புள்ளிகளா உடைக்கணும். புள்ளி பெருசா இருந்தா அந்த இடம் கறுப்பாத் தெரியும், சிறுசா இருந்தா சாம்பலாத் தெரியும். ஹாஃப்டோன்னு பேர். நம்ம பாஷையில சொன்னா பிக்சலோட பெரியப்பா. இந்தியாவுல அந்தத் தொழில்நுட்பத்துக்கு முன்னோடி உபேந்திரகிஷோர். அதைப் பத்தி அவர் எழுதின ஆய்வுக் கட்டுரைகள் இங்கிலாந்து அச்சுத்துறை ஆண்டு மலர்ல வந்திருக்கு.

அப்பா சுகுமார் ரே வங்காளக் குழந்தைகள் இன்னைக்கும் மனப்பாடமாச் சொல்ற விளையாட்டுப் பாடல்களை எழுதினவர். அவரும் இங்கிலாந்து போய் அச்சுக் கலையும் போட்டோகிராஃபியும் படிச்சார். ஆனா பையனுக்கு ரெண்டரை வயசு இருக்கும்போதே காலா அசார் காய்ச்சல்ல போயிட்டார். அச்சகமும் கைவிட்டுப் போச்சு. பையனுக்கு மிஞ்சினது அப்பா, தாத்தா வரைஞ்ச படங்களும் எழுதின புத்தகங்களும்தான்.

மரத்தைக் கீழே இருந்து வரை

பிரசிடென்சி காலேஜ்ல பொருளாதாரம் முடிச்ச கையோட, 1940ல அம்மாவோட வற்புறுத்தலால சாந்திநிகேதனுக்குப் போறார். அவருக்குப் பெருசா இஷ்டம் இல்ல. சிட்டிப் பையன். ஹாலிவுட் படம், மேற்கத்திய இசை ரெக்கார்டுன்னு வளர்ந்தவர். அங்கே போனா சிவப்பு மண்ணு, பனைமரம், பெரிய ஆகாயம்.

அங்கே அவருக்கு ரெண்டு வாத்தியார்கள் கிடைச்சாங்க. ஒருத்தர் நந்தலால் போஸ். மரம் வரையும்போது கோட்டை அடியில இருந்து மேல் நோக்கி இழுக்கணும்னு சொல்லிக் கொடுத்தவர். ஏன்னா மரம் வளர்றது அப்படித்தான். கேட்கச் சாதாரணமா இருக்கு. யோசிச்சா, மரத்தோட உருவத்தை மட்டும் பார்க்காதே, அது எப்படி உருவாகுதுன்னு பாருங்கறார். இன்னொருத்தர் பினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே ஒரு கண்ணுல பார்வை கிடையாது, இன்னொரு கண்ணுலயும் கிட்டப்பார்வை. அப்படிப்பட்டவர் சுவர் முழுக்க ஓவியம் வரைஞ்சுட்டு இருந்தார். அவர்கிட்ட திரும்ப வர்றேன், மறந்துடாதீங்க.

அந்தக் காலத்துலதான் ரே அஜந்தா, எல்லோரா போய்ப் பார்த்தார். இந்தியக் கலைன்னா என்னன்னு கண்ணு திறந்தது அப்போதான்னு பின்னாளில் சொல்லியிருக்கார். ஆனா படிப்பை முடிக்கல. 1942 கடைசியில கிளம்பிட்டார். ஓவியரா வர்ற அளவுக்குத் தன்கிட்ட சரக்கு இல்லைன்னு அவருக்கே தோணிடுச்சு.

எண்பது ரூபாய் சம்பளம்

1943ல டி. ஜே. கீமர்னு ஒரு பிரிட்டிஷ் விளம்பரக் கம்பெனியில ஜூனியர் விஷுவலைசர் வேலை. மாசம் 80 ரூபாய். கூடவே சிக்னெட் பிரஸ்ங்கற புதுப் பதிப்பகத்துக்கு அட்டைப்படம் வரையறார். ஒருநாள் பிபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதின 'பதேர் பாஞ்சாலி' நாவலோட சிறுவர் பதிப்புக்குப் படம் போடச் சொல்றாங்க. மரச்செதுக்கு பாணியில கறுப்பு வெள்ளைப் படங்கள் போடறார். அதுல பல படங்கள் பத்து வருஷம் கழிச்சு அப்படியே திரையில ஷாட்டா வந்தது.

இதை நான் ரொம்ப முக்கியமாப் பார்க்கிறேன். மரச்செதுக்குல நடுவாந்தரச் சாம்பல் நிறம் கிடையாது. ஒரு இடம் கறுப்பா வெள்ளையான்னு நீங்க முடிவு பண்ணியே ஆகணும். எதை விடணும், எதை வெக்கணும்ங்கற பயிற்சி அது. கேமராவுக்குப் பின்னாடி நிக்கிறவனுக்கும் அதே வேலைதான்.

1947ல சிதானந்த தாஸ்குப்தா மாதிரி நண்பர்களோட சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டி தொடங்கறார். அடுத்த வருஷமே, இந்தியப் படங்கள்ல என்ன கோளாறுன்னு 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில ஒரு கட்டுரை. அப்போ வயசு 27. என்னைவிட ஒரு வயசு கம்மி. சாராம்சம் இதுதான்: நம்ம ஆளுங்க ஹாலிவுட் பளபளப்பைக் காப்பி அடிக்கிறாங்க, சினிமாவுக்கான கச்சாப்பொருள் சுத்தி இருக்கிற வாழ்க்கையிலேயே கொட்டிக் கிடக்கு, கண்ணையும் காதையும் திறந்து வெச்சா போதும். ஒரு ஷாட் கூட எடுக்காத ஆள் இப்படி எழுதறார்! இன்னைக்கு எழுதியிருந்தா "முதல்ல நீ ஒரு படம் எடுத்துக் காட்டு"ன்னு கமென்ட்டுல கிழிச்சிருப்பாங்க.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. ஒரு நாவலைப் படமா எடுக்கப்போறாங்கன்னு அறிவிப்பு வந்தா, தானே அதுக்குத் திரைக்கதை எழுதி வெச்சுடுவார். படம் வந்ததும் போய்ப் பார்த்து ரெண்டையும் ஒப்பிடுவார். நாம ஓப்பன் சோர்ஸ் கோடைத் திறந்து பார்க்காம, முதல்ல நாமளே எழுதிட்டு அப்புறம் ஒப்பிட்டா எவ்வளவு கத்துப்போம்? அந்த மாதிரி.

நதிக்கரைக்கு வந்த பிரெஞ்சுக்காரர்

1949ல ழான் ரெனுவார் 'தி ரிவர்' படத்துக்கு இடம் பார்க்கக் கல்கத்தா வந்தார். ரே அவரை ஹோட்டல்ல போய்ப் பார்த்து, லீவு நாள்ல கூடவே கார்ல சுத்தினார். ரெனுவாரோட அப்பா யாரு? ஓவியர் அகுஸ்த் ரெனுவார். அவர்கிட்ட உதவி இயக்குநரா இருந்தவர் யாரு? ஆன்ரி கார்த்தியே-பிரெசோன். செயற்கை விளக்கை வெறுத்து, இருக்கிற வெளிச்சத்துலேயே படம் எடுத்த போட்டோகிராஃபர். அவரோட போட்டோக்கள் மேல ரேவுக்குத் தீராத பக்தி. ஓவியம், போட்டோ, சினிமா மூணும் ஒரே கார்ல போன மாதிரிதான்.

அந்தப் படப்பிடிப்பை ஓரமா நின்னு ஒரு பையன் வேடிக்கை பார்த்துட்டு இருந்தான். பேர் சுப்ரத மித்ரா. வேலை கேட்டு, கிடைக்காம, பார்க்க மட்டும் அனுமதி வாங்கினவன். எந்த விளக்கு எங்கே இருந்தது, நடிகர் எங்கே நின்னார், கேமரா எங்கேன்னு நோட்டுல படம் போட்டு வெச்சுப்பான். கொஞ்ச நாள்ல நிலைமை எப்படி ஆச்சுன்னா, படத்தோட ஒளிப்பதிவாளர் க்ளோத் ரெனுவாரே, ஒரு ஷாட்டைத் திரும்ப எடுக்கும்போது லைட்டிங் முன்னாடி எப்படி இருந்ததுன்னு இந்தப் பையனோட நோட்டைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தார்.

1950ல கம்பெனி ரேயை லண்டன் அனுப்பிச்சது. அந்த சில மாசத்துல கிட்டத்தட்ட நூறு படம் பார்த்தார். அதுல ஒண்ணு 'பைசைக்கிள் தீவ்ஸ்'. ஸ்டூடியோ இல்லாம, பழகின நடிகர்கள் இல்லாம, தெருவுலேயே எடுத்த படம். இதேதான் நான் செய்யப்போறதுன்னு தியேட்டர்லேயே முடிவு பண்ணிட்டார். திரும்பி வர்ற கப்பல்லயே 'பதேர் பாஞ்சாலி'க்கு முதல் குறிப்புகளை எழுதினார். முறையான திரைக்கதைன்னு ஒண்ணு கடைசி வரைக்கும் இல்ல. ஒவ்வொரு ஷாட்டையும் மையால வரைஞ்ச ஒரு ஸ்கெட்ச் புக்தான் இருந்தது. அதைத் தூக்கிட்டுத் தயாரிப்பாளர்கள்கிட்ட ஏறி இறங்கினார். யாரும் அசையல.

மாடு மேய்ஞ்ச பூ

1952 அக்டோபர் 27, முதல் நாள் படப்பிடிப்பு. கல்கத்தாவுல இருந்து தள்ளி, பால்சிட்ங்கற ஊர்ல ரயில் பாதையை ஒட்டின காஷ் பூக்காடு. நம்ம ஊர் நாணல் மாதிரி வெள்ளை வெளேர்னு பூத்து நிக்கும். ஒளிப்பதிவாளர் யாருன்னு நினைக்கிறீங்க? அதே சுப்ரத மித்ராதான். வயசு 21-22 இருக்கும். அதுக்கு முன்னாடி சினிமா கேமராவைத் தொட்டதே இல்ல, போட்டோ மட்டும்தான் எடுத்திருந்தார். ஆர்ட் டைரக்டர் பன்சி சந்திரகுப்தா மட்டும் ஏற்கெனவே சினிமாவுல வேலை பார்த்தவர்.

அன்னைக்கு எடுக்க வேண்டியது சாதாரண ஷாட். அப்பு அக்காவைத் தேடிட்டு நடந்து வரணும். பையன் விறைப்பா, ஸ்கூல் பரேடு மாதிரி நடந்தான். ரே என்ன பண்ணார்னா, வழியில சின்னச் சின்னத் தடைகளைப் போட்டார். அங்கங்கே ஆட்களை ஒளிய வெச்சு, பேரைச் சொல்லிக் கூப்பிட வெச்சார். பையன் தாண்டினான், தயங்கினான், திரும்பிப் பார்த்தான். தேடற நடை தானா வந்துடுச்சு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தை எடுக்கப் போனா, பூவெல்லாம் காணோம். மாடுங்க மேய்ஞ்சுட்டுப் போயிடுச்சு. அந்தக் காட்சியை முழுசா முடிக்க, அடுத்த வருஷம் பூ பூக்கிற வரைக்கும் காத்திருந்தாங்க.

பூ மட்டுமா, காசும் இல்ல. இன்ஷூரன்ஸ் பாலிசி மேல கடன், புத்தகமும் ரெக்கார்டும் விற்பனை, மனைவி பிஜோயாவோட நகை அடகு. மாசக்கணக்குல படப்பிடிப்பு நின்னது. கடைசியில மேற்கு வங்க அரசு பணம் கொடுத்துதான் படம் முடிஞ்சது. இத்தனைக்கும் நடுவுல ரே வேலையை விடல.

அந்த இழுபறியில தப்பிச்ச மூணு விஷயங்களை அதிசயம்னு ரே சொல்வார். அப்புவோட குரல் உடையல. துர்கா வளர்ந்துடல. மூணாவது, இந்திர் தாக்ருனா நடிச்ச சுனிபாலா தேவி சாகல. அவங்களுக்கு அப்போ எண்பது வயசு. உடம்பெல்லாம் சுருக்கம், கூன் விழுந்த முதுகு. அவங்க போயிருந்தா படமே போயிருக்கும்.

இந்த இடத்துலதான் என் கதையைச் சொல்லணும்.

எங்க அப்பாயி மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்துல, முற்றம் வெச்ச பழைய வீட்டுல இருந்தாங்க. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரின்னு அவங்களுக்குத் தெரிஞ்ச பாட்டுக்கு அளவே இல்ல. அதை ஒரு டாகுமென்டரியா எடுக்கணும்னு மூணு வருஷம் திட்டம் போட்டேன். எக்செல் ஷீட்டே இருக்கு. கேமரா ஒரு காலம், லென்ஸ் ஒரு காலம், மைக் ஒரு காலம். புது மாடல் வரப்போகுது, விலை குறையட்டும், ஆபீஸ்ல ரிலீஸ் முடியட்டும்னு தள்ளிக்கிட்டே போனேன். போன வருஷம் ஆடி மாசம் அப்பாயி போயிட்டாங்க. கேமரா அப்பவும் ஆன்லைன் கார்ட்லதான் இருந்தது.

ரேவுக்கு நடந்த மூணாவது அதிசயம் எனக்கு நடக்கல. அதுல அதிர்ஷ்டம் மட்டும் இல்லைங்கறதுதான் எனக்கு உறைச்சது. அவர் எடுக்க ஆரம்பிச்சுட்டு அப்புறம் காத்திருந்தார். நான் ஆரம்பிக்காமலேயே காத்திருந்தேன்.

வெள்ளைத் துணியில பனாரஸ் வானம்

படத்துக்கு வெளிநாட்டுக் கதவைத் திறந்தது ஒரு நிழற்படக் கட்டு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மன்றோ வீலர், இந்தியத் துணிகள் பத்தின ஒரு கண்காட்சி வேலையா 1954ல கல்கத்தா வந்தார். படத்தோட ஸ்டில் போட்டோக்களைப் பார்த்ததுமே, முடிச்சா எங்க இடத்துல காட்டலாம்னு கேட்டார். அதுக்கப்புறம் தேதியைப் பிடிக்க ராப்பகலா எடிட்டிங். ரவிசங்கர் ஒரே ராத்திரி உட்கார்ந்து இசை போட்டுக் கொடுத்தார். அதுல சில இடங்கள்ல சிதார் வாசிச்சது நம்ம கேமராமேன் மித்ராதான். 1955 மே மாசம் நியூயார்க், ஆகஸ்ட் 26 கல்கத்தா, அடுத்த வருஷம் கான் விருது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதை.

எனக்குப் பிடிச்சது அடுத்த படம் 'அபராஜிதோ'ல நடந்தது. பனாரஸ்ல அப்பு குடும்பம் இருக்கிற வீட்டுக்கு நடுவுல திறந்த முற்றம். மேல இருந்து வர்ற வானத்து வெளிச்சம் சுவர்ல பட்டு, சிதறி, கீழே இறங்கும்போது நிழலே விழாது. மழைக்குப் பயந்து அந்த வீட்டை ஸ்டூடியோவுக்குள்ள செட் போடலாம்னார் பன்சி சந்திரகுப்தா. மித்ரா ஒத்துக்கல. ஸ்டூடியோ விளக்கு எல்லாமே நேரா முகத்துல அடிக்கிறது. ஒரு ஆளுக்கு நாலு நிழல் விழும். அந்த வெளிச்சத்தை உள்ளே கொண்டுவரவே முடியாதுன்னு வாதாடினார். வாதத்துல தோத்துட்டார்.

தோத்தவர் என்ன பண்ணார்னா, சட்டத்துல ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, செட்டுக்கு மேல ஒரு துண்டு வானம் மாதிரி விரிச்சார். விளக்குகளைக் கீழே வெச்சு, வெளிச்சத்தை மேல துணியில அடிச்சார். துணியில பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம் மெத்துன்னு கீழே இறங்குச்சு. வருஷம் 1956. இன்னைக்கு கல்யாண வீடியோகாரர் வரைக்கும் எல்லாரும் பண்ற பௌன்ஸ் லைட்டிங் இதுதான். 1960கள்ல, பெர்க்மனோட ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட் இதே மாதிரி வெளிச்சத்தைப் பத்திப் பேசினதை அமெரிக்கப் பத்திரிகையில படிச்சப்போ, நாங்க இதை எப்பவோ பண்ணிட்டோமேன்னு ரே சொல்லியிருக்கார்.

இதை யூடியூப்ல யாரும் மித்ராவுக்குச் சொல்லிக் கொடுக்கல. அந்த முற்றத்துல வெளிச்சம் எப்படி இறங்குதுன்னு அவர் முதல்ல பார்த்திருந்தார். துணி அப்புறம்தான் வந்தது.

இந்தப் பகுதியைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி, போன்ல பழைய வீடியோக்களைத் தேடினேன். அப்பாயியோடது ஒண்ணு கிடைச்சது, நாற்பது செகண்ட். எதுக்கு எடுத்தேன்னே ஞாபகம் இல்ல. முற்றத்து ஓரமா உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ஞ்சுட்டு ஏதோ முணுமுணுக்கறாங்க. பாட்டுதான். சுண்ணாம்பு அடிச்ச சுவர்ல பட்டுத் திரும்பின வெளிச்சம் அவங்க முகத்துல இருக்கு. ஒவ்வொரு சுருக்கமும் தெரியுது, ஒரு நிழல் கூட உறுத்தல. அது ஒன்பதாயிரம் ரூபாய் போன். என் எக்செல் ஷீட்டுல 'லைட்டிங் கிட்'னு தனியா ஒரு காலம் போட்டிருந்தேன்னு நினைச்சப்போ ஒரு மாதிரி ஆயிடுச்சு.

எரிஞ்ச நெகட்டிவ், பார்வை போன வாத்தியார்

ரே 1992 ஏப்ரல்ல காலமானார். அடுத்த வருஷம் லண்டன்ல ஹெண்டர்சன் லேப்ல பிடிச்ச தீயில அப்பு படங்கள் மூணோட ஒரிஜினல் நெகட்டிவும் சிக்கிக்கிச்சு. கருகினதைக் குப்பையில போடாம ஆஸ்கர் அகாடமி காப்பகம் எடுத்து வெச்சது. இருபது வருஷம் கழிச்சு, இத்தாலியில போலோன்யா நகரத்து லேப்ல, காய்ஞ்சு நொறுங்கின ஃபிலிமைத் திரும்ப ஈரப்படுத்தி, உருகின ஓரங்களைக் கையால சரிபண்ணினாங்க. கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேர வேலை. 'பதேர் பாஞ்சாலி'ல 40 சதவீதம், 'அபராஜிதோ'ல 60 சதவீதத்துக்கு மேல மீண்டது. மிச்சத்துக்கு மத்த பிரதிகளை வெச்சு ஒட்டி, 2015ல 4கே வடிவமா அதே நியூயார்க் அருங்காட்சியகத்துல திரையிட்டாங்க. எடுத்து வெச்சது எரிஞ்சாலும் கொஞ்சமாவது மீட்கலாம். எடுக்காததை எந்த லேபும் மீட்க முடியாது.

இப்போ பினோத் பிஹாரிகிட்ட வருவோம். 1946-47ல சாந்திநிகேதன் ஹிந்தி பவன் சுவர்கள்ல கபீர், துளசிதாசர், சூர்தாஸ்னு இடைக்காலத்து பக்திக் கவிகளோட வாழ்க்கையைப் பிரம்மாண்டமா வரைஞ்சார். 1950கள்ல கண் ஆபரேஷனுக்கு அப்புறம், இருந்த அரைப் பார்வையும் முழுசாப் போயிடுச்சு. அவர் நிறுத்தல. காகிதத்தை வெட்டி ஒட்டினார், தடவித் தடவி உருவம் செஞ்சார், பீங்கான் ஓட்டுல ஒரு சுவர்ச் சித்திரமே பண்ணினார். அவரைப் பத்தி மாணவர் 1972ல ஒரு இருபது நிமிஷ டாகுமென்டரி எடுத்தார். பேர் 'தி இன்னர் ஐ', அகக்கண். நாலு வருஷம் கழிச்சு நம்ம பாலசரஸ்வதி பத்தி 'பாலா' எடுத்தாரே, அதுக்கு முந்தினது. கிடைச்சா ரெண்டையும் பாருங்க.

கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த மனுஷன் விரலாலேயே கோட்டைத் தேடி வரையறதைப் பார்த்தப்போதான், மெயில் போட்ட தம்பிக்கு என்ன பதில் எழுதணும்னு எனக்குத் தெரிஞ்சது.

தம்பி, அறுபதாயிரம் அப்படியே இருக்கட்டும். கேமரா வாங்காதீங்கன்னு சொல்லல, தேவைப்படும்போது வாங்குங்க. அதுக்கு முன்னாடி ஒரு மாசம், உங்க வீட்டுக்குள்ள எந்த நேரத்துல எந்த ஜன்னல் வழியா வெளிச்சம் வருதுன்னு ஒரு நோட்டுல வரைஞ்சு வைங்க. மித்ரா மாதிரி. கோணல்மாணலா வந்தாலும் பரவாயில்ல. அப்புறம், உங்க வீட்டுல எண்பது வயசுல யாராவது இருந்தா, இன்னைக்கு சாயங்காலமே அவங்களை வெளிச்சம் இருக்கிற பக்கமா உட்கார வெச்சு, கையில இருக்கிற போன்லயே எடுத்துடுங்க.

நான் போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாயியோட தங்கச்சி இருக்காங்க, சின்னப்பாயி, எழுபத்தெட்டு வயசு. அதே முற்றம், அதே சுவர். ரெண்டு மணி நேரம் பாடினாங்க. அதுல ஒரு பாட்டு, அந்த நாற்பது செகண்ட்ல அப்பாயி முணுமுணுத்தது. எனக்கு அது வரைக்கும் அதோட வார்த்தை தெரியாது. நடவுப் பாட்டாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.